பேலூர் ஆலயம்: கல்லில் ஒரு தற்பவம்

 

மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் ஒரு கோயிற் கட்டடத்தைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களுள் சிலர் வியக்கலாம். காரணம் ஒரு சொல். ‘கலப்பு’ என்னும் சொல். நம் வகுப்பறைகளில் இச்சொல் இரு முகங்களோடு நடமாடுகிறது. இன நல்லிணக்க நாளில் அது புகழ்மொழி. கட்டுரைத் தாளைத் திருத்தும்போது அது குற்றத்தின் பெயர். சமயங்களும் பண்பாடுகளும் கலந்து வாழ்வதைப் போற்றி எழுதும் மாணவர், அதே கட்டுரையில் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கலந்துவிட்டால் மதிப்பெண் இழக்கிறார். போற்றுபவரும் குறைப்பவரும் ஒரே ஆசிரியர்தாம். இதில் முரண் உண்டா, இல்லையா? உண்டு என்றும் இல்லை என்றும் வாதிடலாம். கல்லாலும் சுண்ணத்தாலும் இவ்வினாவுக்கு விடை கூறிய ஒரு கட்டடம் இருக்கிறது. அதனிடம் கேட்டுப் பார்ப்போம் என்றே வந்தேன்.

அக்கட்டடம் பேலூர் மடத்திலுள்ள இராமகிருஷ்ணர் ஆலயம். பேலூர் என்றதும் கருநாடகத்தில் ஹொய்சளர் கட்டிய சென்னகேசவர் கோயில் நினைவுக்கு வரலாம்; அது வேறு ஊர். நான் சொல்வது வங்காளத்துப் பேலூர். கொல்கத்தாவிற்கு எதிரே, ஹூக்ளி எனப்படும் கங்கையின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்தில் உள்ளது. ஆற்றின் மறுகரையில் சற்று வடக்கே, இராமகிருஷ்ணர் பூசகராக இருந்த தட்சிணேசுவரம் காளி கோயில்.

கட்டடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இராமகிருஷ்ணர் 1886இல் மறைந்தார். 1893இல் சிகாகோ சென்ற விவேகானந்தர் 1897இல் கொழும்பு, பாம்பன், இராமநாதபுரம், சென்னை வழியாகத் தாயகம் திரும்பினார். அவரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பொருள் திரட்டியவர்களுள் முன்னின்றவர் சென்னை ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் என்பதை இந்த ஆசிரியர் அவையில் நினைவூட்டுவது பொருத்தம். 1898இல் பேலூரில் நிலம் வாங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள், குருவின் அத்தி அடங்கிய பேழையை விவேகானந்தரே தம் தோளில் சுமந்து வந்து அந்நிலத்தில் வைத்து வழிபட்டார். பேராலயம் ஒன்று எழுப்ப வேண்டும் என்ற எண்ணமும் வரைவும் அவருக்கு அப்போதே இருந்தன. அதைக் காண அவர் வாழவில்லை. 1902இல், அதே மடத்தில், தம் 39ஆம் வயதில் மறைந்தார்.

வரைவை நினைவில் சுமந்தவர் அவருடைய உடன்துறவி விஞ்ஞானானந்தர். இவரைப் பற்றி ஓரிரு சொல் கூடுதலாகச் சொல்ல விழைகிறேன். துறவு பூணுமுன் அரசாங்கத்தில் மாவட்டப் பொறியாளராகப் பணியாற்றியவர். வடமொழி வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தை வங்காளத்தில் பெயர்த்தவர். நீர்வழங்கல் தொழில்நுட்பத்தைப் பற்றி வங்காள மொழியிலேயே நூல் எழுதியவர். அறிவியலைத் தாய்மொழியில் எழுத இயலுமா என்று நாம் இன்றும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அவர் எழுதி முடித்துவிட்டுக் கோயில் கட்டப் போனார். அடிக்கல் 1929இல் ஒருமுறை நாட்டப்பட்டது. இடம் சற்று மாற்றப்பட்டு, 1935இல் விஞ்ஞானானந்தர் கையால் மீண்டும் நாட்டப்பட்டது. பணத்தின் பெரும்பகுதியை ஹெலன் ரூபெல், அன்னா வூஸ்டர் என்னும் இரு அமெரிக்க அம்மையார்கள் தந்தனர். கட்டியது மார்ட்டின் பர்ன் நிறுவனம். ஏறத்தாழ எட்டு இலட்சம் ரூபாய் செலவாயிற்று. 1938 ஜனவரி 14, மகர சங்கராந்தி, நமக்குப் பொங்கல் திருநாள், அன்று ஆலயம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் விஞ்ஞானானந்தர் மறைந்தார்.

இனிக் கட்டடத்தின் முன்னே நிற்போம்.

உயரம் 112 அடிக்குச் சற்று மேல். பெரும்பகுதி சுனார் மணற்கல்லால் ஆனது. முகப்பில் சில பகுதிகள் சிமெந்து. சுனார் கல் காசிக்கு அருகே கிடைப்பது. அசோகரின் தூண்கள் இக்கல்லால் ஆனவை; இந்திய அரசின் முத்திரையாகிய சாரநாத் சிங்கங்களும் இக்கல்லே. நுழைவாயிலின் உயர்ந்த அமைப்பு தென்னாட்டுக் கோபுரத்தை நினைவூட்டுகிறது. இருபுறத் தூண்கள் பௌத்தப் பாணியின. வாயிலின் வட்டப்பகுதி அஜந்தாக் குகை முகப்பின் வளைவைத் தழுவியது. அதனுள் இராமகிருஷ்ண மடத்தின் முத்திரை. அதற்கு மேலே சிவலிங்க வடிவம். உச்சியில் குடைபோல் மூன்று மாடங்கள், இராசபுத்திர-முகலாயப் பாணி. பக்க வாயில்கள் குவாலியர் கோட்டையிலுள்ள மான் மந்திர் அரண்மனையின் வாயிலை ஒத்தவை. அவற்றின் மேல் விநாயகரும் அனுமனும். மாடத்தின் உச்சியில் பொற்கலசம், அதன்கீழ் விரிந்த தாமரை.

இவ்வாறு அடுக்கிக்கொண்டு போனால் பொருட்காட்சியின் பட்டியல் போலத் தோன்றும். இவ்வாலயத்தை அறிமுகப்படுத்துவோர் பலரும் அப்படித்தான் அடுக்குகிறார்கள். ஒருபுறமிருந்து பார்த்தால் கோயில், மறுபுறமிருந்து பார்த்தால் மசூதி, இன்னொரு புறமிருந்து தேவாலயம் என்று ஒரு வாசகமும் பரவியிருக்கிறது. எனக்கு அவ்வாசகத்தில் நிறைவில்லை. மாறுவேடப் போட்டியைப் பாராட்டுவது போன்ற பாராட்டு அது. இந்தக் கட்டடம் வேடம் போடவில்லை. என் கண்ணுக்கு முகப்பு சற்று நெரிசலாகவே படுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பாணிகளும் ஒரே நேரத்தில் பேச முயலும் இடம் அது. கட்டடத்தின் உண்மையான பேச்சு உள்ளே இருக்கிறது. அதற்கு முன் முகப்பின் உச்சியிலுள்ள அந்த மூன்று மாடங்களை மட்டும் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்போம்.

முகலாயப் பாணி என்று நான் சொன்ன அம்மாடங்கள், இராமகிருஷ்ணர் பிறந்த காமார்புகூர் சிற்றூரின் கூரைக் குடிசைகளையும் நினைவூட்டுவன என்று மடத்தார் சொல்வதுண்டு. அரண்மனை மாடமும் ஏழையின் குடிசையும் எப்படி ஒரே வடிவத்தில் அடங்கும்? அடங்கும், அதற்கு ஒரு வரலாறு உண்டு. மழை மிகுந்த வங்காளத்தில் மூங்கிலை வளைத்துக் கூரை வேய்வார்கள். நீர் விரைந்து வழிந்தோட, கூரையின் விளிம்பு வில்போல் வளைந்து இறங்கும். வங்காளத்துச் சுல்தான்கள் மசூதிகளும் கல்லறை மாடங்களும் கட்டியபோது, செங்கல்லிலும் அந்த வளைந்த விளிம்பைக் கொண்டுவந்தார்கள். வங்காளத்து இந்துக் கோயில்களோ, மசூதிகளிடமிருந்து வளைவும் குவிமாடமும் கட்டும் நுட்பத்தைக் கற்றுக்கொண்டன. விஷ்ணுபூரின் சுடுமண் கோயில்கள் அதற்குச் சான்று. குடிசைக் கூரையின் வளைவு பின்னர் முகலாயர்களோடு வடக்கே சென்றது. ஷாஜகானின் ஆக்ரா மாளிகைகளில் பளிங்காயிற்று. இராசபுத்திர அரண்மனைகளில் பலகணியாயிற்று. ஆக, பேலூரின் முகப்பில் நிற்கும் வளைந்த மாடம் பிறர் வீட்டுப் பொருளன்று. ஊரைவிட்டுப் போன பிள்ளை பட்டுடுத்தித் திரும்பி வந்திருக்கிறது.

மாணவர்கள் இதை மறவாதிருக்க ஒரு சொல்லைத் தருகிறேன். அந்த வங்கக் கூரைக்கும் அக்கூரையிட்ட வீட்டுக்கும் ‘பங்களா’ என்று பெயர். ஆங்கிலேயர் அச்சொல்லை எடுத்துத் தங்கள் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டனர். நம்மிடையே செல்வர் வாழும் தனிவீட்டிற்கு அது பெயராகிவிட்டது. மூங்கிற்குடிசைக்குப் பிறந்த சொல்! கூரை நடந்த வழியிலேயே சொல்லும் நடந்திருக்கிறது.

இப்போது உள்ளே செல்வோம்.

நுழைந்ததும் நாம் காண்பது நீண்ட பெரு மண்டபம். வங்காளத்தார் இதை நாட்மந்திர் என்பர். ஏறத்தாழ 150 அடி நீளம். இருபுறமும் தூண் வரிசை. தூணின் உடல் கிரேக்கப் பாணி. அதன் அணிவேலை மதுரை மீனாட்சி கோயிலைப் பின்பற்றியது என்பர். விவேகானந்தர் 1892இல் மதுரைக்கு வந்தவர். 1900இல் ஏதென்ஸையும் கண்டவர். மேலே தொங்கும் பலகணிகளும் சாளரங்களும் பத்தேபூர் சிக்ரியின் சாயல். ஆயினும் மண்டபத்தின் உடலமைப்பு, ஐயத்திற்கிடமின்றி, ஒரு கிறித்தவத் தேவாலயத்தினுடையது: நடுவே அகன்ற நீள்கூடம், ஓரங்களில் தூண்களுக்கு அப்பால் ஒடுங்கிய வழிகள், கூடத்தின் கோடியில் வழிபடும் இடம்.

இவ்வமைப்பைக் கடன்வாங்கியது அழகுக்காக மட்டும் என்று நான் எண்ணவில்லை. நம் கோயில்களில் நாம் வழிபடும் முறையை எண்ணிப் பாருங்கள். கூட்டத்தோடு வரிசையில் நிற்கிறோம். திரை விலகும்போது எட்டிப் பார்க்கிறோம். தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்கிறோம். கோயில் நெடுநேரம் நடப்பதற்கும் சற்றுநேரம் நிற்பதற்கும் அமைந்தது. தட்சிணேசுவரத்தில்கூடக் காளி கோயில் தனி, அதற்கு எதிரே நாட்மந்திர் தனி. இடையே திறந்த முற்றம். இராமகிருஷ்ணரின் துறவியரோ நூற்றுக்கணக்கில் ஒன்றாக அமர்ந்து பாட விரும்பினர்; பாடி முடித்தபின் அமைதியாகத் தியானத்தில் இருக்க விரும்பினர். அமர்ந்த இடத்திலிருந்தே அனைவரும் மூர்த்தியைக் காண வேண்டும். அதற்கு ஏற்ற கட்டட வடிவம் தேவாலயத்தில் ஆயத்தமாக இருந்தது. எடுத்துக்கொண்டார்கள். இன்றும் மாலைதோறும் விவேகானந்தர் இயற்றிய ஆரத்திப் பாடலைத் துறவியரும் பொதுமக்களும் அம்மண்டபத்தில் அமர்ந்து ஒரே குரலாகப் பாடுகின்றனர்.

அந்தத் தேவாலய வடிவமும் கிறித்தவர்கள் தாமே படைத்ததன்று. உரோமானியர் வழக்காடவும் வணிகம் பேசவும் கட்டிய பொதுக்கூடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவர்களுக்கும் இதே தேவைதான் இருந்தது: பலர் கூடி ஒன்றாக வழிபட ஓர் இடம். குவிமாடமும் அப்படியே. இசுலாம் தோன்றுவதற்கு முன்பே உரோமாபுரியிலும் கான்ஸ்டான்டிநோபிளிலும் மாபெரும் குவிமாடங்கள் எழுந்துவிட்டன. ஒரு சமயத்தின் சின்னம் என்று நாம் சுட்டிக்காட்டும் வடிவங்களுள் பல, அச்சமயம் வேறொருவரிடம் வாங்கித் தன்வயமாக்கிக்கொண்டவை. தனித்தமிழ்ச் சொல் என்று எண்ணி அகராதியைப் புரட்டும்போது நாம் சிலவேளை திகைப்பதில்லையா, அதைப் போன்றது இது.

மண்டபத்தின் கோடியில் கருவறை. சலவைக்கல்லால் ஆன இராமகிருஷ்ணர், நூறிதழ்த் தாமரைமேல் அமர்ந்திருக்கிறார். வடித்தவர் வங்கத்துச் சிற்பி கோபேசுவர் பால். அலங்கார அமைப்பைக் கருதியவர் சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ். மேல்விதானம் பர்மாத் தேக்கு. பீடம் உடுக்கை வடிவம். இந்தப் பீடத்திடம்தான் நான் சற்று நீண்ட நேரம் நிற்க விரும்புகிறேன். ஏனெனில் விவேகானந்தர் தோளில் சுமந்து வந்த குருவின் அத்தி அதனுள் வைக்கப்பட்டுள்ளது.

இந்துக் கோயிலின் பொதுவழக்கில் இறந்தார் உடலின் எச்சம் கருவறைக்கு அருகே வரலாகாது. ஆகவே, கருவறைக்குள் அத்தியை வைத்தது, முகப்பில் அஜந்தா வளைவை வைத்ததைக் காட்டிலும் மிகத் துணிவான கலப்பு. புத்தரின் தாதுவை உள்ளே வைத்துத் தூபி எழுப்புவது பௌத்தம். தூயவர்களின் எச்சத்தின்மேல் பலிபீடம் அமைப்பது பழங்கிறித்தவம். இறைநேசரின் அடக்கத்தலத்தைச் சுற்றி எழுவது தர்கா. மூன்றும் இங்கே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. எந்த அடையாளப் பலகையும் அதைச் சொல்வதில்லை; வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதும் இல்லை.

தமிழர்க்கு இது முற்றிலும் புதிதும் அன்று. சோழ மன்னர் மறைந்த இடத்தில் எழுப்பிய கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். இராசராச சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் எழுப்பிய பள்ளிப்படை இன்றும் நிற்கிறது. சித்தர்களின் சமாதிக்கோயில்கள் தமிழகமெங்கும் உள்ளன. பள்ளி என்ற அந்தச் சொல்லைத்தான் பாருங்கள். அது சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. அவர்கள் கற்பித்த இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று. இறைவன் துயிலும் இடம் பள்ளியறை. மன்னன் மறைந்த இடம் பள்ளிப்படை. முசுலிம் தமிழர் தொழும் இடம் பள்ளிவாசல். கோயில் என்ற சொல்லோ, மன்னனின் இல்லத்திலிருந்து இறைவனின் இல்லத்திற்கு வந்து, கிறித்தவத் தமிழரிடம் மாதா கோயிலாகி, கடல் கடந்து மலாய் மொழியில் ‘கூயில்’ ஆகிவிட்டது. இவ்வளவு வாயில்களையும் கடந்து வந்த சொற்களை எவரும் கலப்புச் சொற்கள் என்று குறை கூறியதில்லை.

தமிழாசிரியர்களே, உங்களுக்கு நன்கு அறிமுகமான ஓர் இலக்கணக் குறிப்புக்கு இப்போது வருகிறேன். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். வடசொல்லை அவர் விலக்கவில்லை. ஆனால் வாயிலில் ஒரு காவலை நிறுத்தினார்: வரும் சொல் தன் எழுத்தைக் களைந்து, தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும். பின்வந்த இலக்கண நூலார் இதை விரித்து, மாறாமல் வருவதைத் தற்சமம் என்றும், தமிழின் ஒலிக்கேற்ப மாறி வருவதைத் தற்பவம் என்றும் பெயரிட்டனர். கமலம் தற்சமம், அதன் எழுத்தெல்லாம் நமக்கும் பொதுவாதலின் மாற வேண்டிய தேவை எழவில்லை. ரிஷபம் இடபம் ஆனது தற்பவம். இரண்டிலும் விதி ஒன்றே. வந்த சொல் நம் வேற்றுமை உருபை ஏற்கும். நம் புணர்ச்சியில் நிற்கும். நம் வாக்கியத்தில் வேலை செய்யும்.

பேலூரில் நான் காண்பது இந்த விதியைத்தான். அம்மண்டபத்தில் சிலுவை தொங்கவிடப்படவில்லை. கூரைமேல் பிறை நடப்படவில்லை. தேவாலயத்திடமிருந்து வாங்கப்பட்டது அமர்ந்து பாடும் நீள்கூடம். பௌத்த சைத்தியத்திடமிருந்து, கருவறையைச் சுற்றி வர அகன்ற வளைவழி. சிக்ரியிடமிருந்து, வெயிலைத் தணித்து ஒளியை உள்ளே விடும் சாளரம். பெயர்ப்பலகையை விடுத்து வினையை வாங்கியிருக்கிறார்கள். வந்த ஒவ்வொன்றும் அங்கே நடைபெறும் வழிபாட்டின் இலக்கணத்திற்கு உட்பட்டுப் பணிசெய்கிறது. அதனால்தான் உள்ளே அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு அது கிரேக்கத் தூண், இது முகலாயச் சாளரம் என்ற எண்ணமே தோன்றுவதில்லை. அவருக்கு அது தாகூரின் வீடு. வங்காளத்தார் இராமகிருஷ்ணரை அவ்வாறுதான் அழைக்கின்றனர்.

நம் மாணவர் எழுதும் வாக்கியத்திற்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம் என்பது என் துணிபு. கணினியில் ஏற்றி வந்ததை ‘அப்லோட் பண்ணினேன்’ என்று எழுதும் மாணவர், வினையை ஆங்கிலத்திடமே விட்டுவிட்டுப் ‘பண்ணு’ என்பதை ஊன்றுகோலாக்கிக்கொள்கிறார். ‘பேருந்து வரவில்லை, டாக்சியில் வந்தேன்’ என்று எழுதும் மாணவரோ ஒரு பெயரை வாங்கி ‘இல்’ உருபைச் சேர்த்துத் தமிழ் வாக்கியத்தில் அமர்த்திவிட்டார். இரண்டுக்கும் ஒரே சிவப்பு வட்டம் போடுவது நீதியா? தொல்காப்பியர் போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இதை ஏற்காத ஆசிரியர்கள் இவ்வவையில் இருப்பீர்கள்; உங்கள் மறுப்பைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

இப்போது ஒரு வலுவான எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். வாங்குபவருக்கு எல்லாம் இனிதாக இருக்கலாம். கொடுத்தவர் என்ன சொல்வார்? உருவ வழிபாட்டை முற்றிலும் மறுக்கும் இசுலாத்தின் வளைவும் மாடமும் ஓர் உருவத்தைச் சுற்றி நிற்பதை ஒரு முசுலிம் எப்படிப் பார்ப்பார்? இந்தக் கட்டடம் உங்களுக்கும் உரியது என்று அவரிடம் சொன்னால், அது மரியாதையா, அல்லது கேளாமல் எடுத்துக்கொண்டதற்கு ஒரு சமாதானமா? பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நம் நாட்டில் இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மற்றவர் புனிதமாகப் போற்றும் சின்னத்தை நல்லெண்ணத்தோடேனும் கையிலெடுக்குமுன் நாம் இங்கே தயங்குகிறோம். அந்தத் தயக்கம் நல்லது.

என் விடை இது. பேலூர் ஆலயம் எல்லாச் சமயத்தார்க்கும் உரிய பொதுக்கோயில் என்று சொல்வது மிகை. அது ஓர் இந்துக் கோயில். அதன் மூர்த்தி, பூசை, ஆரத்தி, சுவரில் செதுக்கிய நவக்கிரகங்கள் யாவும் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஒரு முசுலிமுக்கு அது மசூதி ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை. அக்கட்டடம் செய்வது வேறு: தான் யார் யாரிடம் கற்றது என்பதை மறைக்காமல் நிற்கிறது. தமிழ் வடசொல்லை ஏற்றதால் வடமொழி ஆகிவிடவில்லை; வடமொழியாளர் அதைத் தம் மொழி என்று கொள்ளவும் இல்லை.

இராமகிருஷ்ணரின் வாழ்க்கையிலும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 1866இல் அவர் ஒரு முசுலிம் நெறியாளரிடம் உபதேசம் பெற்று இசுலாமிய முறையில் இறைவழிபாடு செய்தார். அந்நாள்களில் அவர் கோயிலுக்குள் செல்லவில்லை. இந்துத் தெய்வங்களைக் காணவும் விரும்பவில்லை. வளாகத்தின் புறத்தே தங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பின்னர் 1874ஐ ஒட்டி, விவிலியத்தை வாசிக்கக் கேட்டு, கிறித்துவின்பால் மனத்தைச் செலுத்தியபோதும் காளியை மறந்திருந்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அவர் சுவை பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தம்மை முழுதாக ஒப்புக்கொடுத்தார். ஒன்றில் இருக்கும்போது மற்றொன்றை விலக்கினார். ‘எல்லா மதமும் ஒன்றே’ என்று தேர்வுத்தாளில் நாம் பழக்கிவிட்டிருக்கும் வாக்கியத்திற்கும் இவ்வாழ்க்கைக்கும் தொலைவு அதிகம். அவ்வாக்கியத்தை எழுத எந்தச் சமயத்தையும் கற்க வேண்டியதில்லை.

ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ததை, அசையாத கட்டடம் எப்படிச் சொல்லும்? நடப்பவரை நம்பித்தான். கோபுர வாயிலில் நிமிர்கிறோம், நீள்கூடத்தில் அமர்கிறோம், எழுந்து வளைவழியில் வலம் வருகிறோம். ஒவ்வோர் இடத்திலும் உடல் வேறொரு மரபின் வழியில் வணங்குகிறது.

சிங்கப்பூரில் இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க இடங்கள் உண்டு. லோயாங் துவா பெக் கோங் கோயிலில் சீனத் தெய்வங்களும் இந்துத் தெய்வங்களும் மலாய் மரபின் கெராமாட்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அங்கே எவரும் எவருடைய இலக்கணத்திற்கும் மாறவில்லை. அவரவர் மூலையில் அவரவர் ஊதுவத்தி. அடுக்குமாடிக் குடியிருப்பின் அண்டை வீட்டார் போன்ற உறவு அது. தெலுக் ஆயர் தெருவில் சூலியா முசுலிம்கள் 1830ஐ ஒட்டி எழுப்பிய நாகூர் தர்காவில், மேலைநாட்டுத் தூண்களும் இந்திய இசுலாமிய மாடங்களும் ஒரே முகப்பில் உள்ளன. இராமகிருஷ்ண மிஷனின் சிங்கப்பூர்க் கிளை 1928இல் தொடங்கியது. பார்ட்லி சாலையிலுள்ள அதன் ஆலயத்தை நீங்கள் நேரில் காணலாம். சென்னை மயிலாப்பூரில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சர்வசமயக் கோயில், பேலூரின் எண்ணத்தைத் தமிழ் மண்ணில் தொடர்ந்தது. கபாலீசுவரர் கோயிலும் சாந்தோம் தேவாலயமும் அதன் அண்டையில் உள்ளன.

மாணவர்கள் இவற்றைப் பார்க்கச் செல்லும்போது ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். எந்தச் சின்னம் எங்கே இருக்கிறது என்று பட்டியலிடாதீர்கள். மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே அமர்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் எதை உண்மையாக வாங்கியிருக்கிறது என்பது அப்போது புலப்படும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இராமகிருஷ்ணர் மறைந்த ஆண்டின் இறுதியில், ஆண்ட்பூர் என்னும் சிற்றூரில் அவருடைய இளஞ்சீடர்கள் ஓர் இரவு நெருப்பைச் சுற்றி அமர்ந்து இயேசுவின் துறவைப் பற்றிப் பேசி, தாமும் துறப்பதென உறுதி பூண்டனர். அது கிறித்துமசுக்கு முந்திய இரவு என்பது பிறகே அவர்களுக்குத் தெரியவந்தது. அதன் நினைவாக, ஆண்டுதோறும் டிசம்பர் 24 மாலையில், பேலூர் ஆலயத்தில் குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளின் படத்தை வைத்து, மெழுகுவத்திகள் ஏற்றி, பழங்களும் கேக்கும் படைத்து, விவிலியம் வாசிக்கிறார்கள். காவியுடுத்த துறவியர் கிறித்துமசுப் பாடல் பாடுகிறார்கள். மறுநாள் விடியற்காலையில் வழக்கமான மங்கள ஆரத்தி, வழக்கமான நேரத்தில் நடைபெறுகிறது.

இனி உங்கள் வினாக்களுக்கும் மறுப்புகளுக்கும் இடம் தருகிறேன்.